நாயின் எடை

வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றான் ரதோஸ்வாவ்,
மேலாளர் ஆவதற்கு முன்
இதே கண்ணாடிக் கூண்டில் என்னோடு
ஒரு குளிர்காலம் உட்கார்ந்திருந்தவன்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.
வண்டி ஏதும் நிற்காத எடைத்திரையைப் பார்த்தான்.

இரண்டு தாள்.
ஒன்றில் கையெழுத்திட்டால் இன்றே கிளம்பலாம்.
'பரஸ்பர சம்மதம்' என்று அச்சடித்திருக்கிறது,
யார் யாருக்குச் சம்மதித்தோமோ.
இன்னொன்றில்
டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி,
பிப்ரவரி கடைசித் தேதி வரை சம்பளம்,
மத்தியானச் சூப்,
பஸ் அட்டை.

பத்தொன்பது வருடம்
சர்க்கரை ஆலை வாசலில் எடை போட்டவள் நான்.
கிழங்கோடு வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை,
கழித்தால் மிஞ்சுவதுதான் விவசாயியின் வருடம்.
அதிலும் சேறு ஒட்டியிருக்கிறது என்று
ஆய்வுக்கூடம் கொஞ்சம் வெட்டும்.

லுத்மீவா போனில் கத்தினாள்:
தாளை அவன் முகத்தில் எறிந்துவிட்டு வா அக்கா,
செருப்பால் அடித்த வீட்டில்
பந்திக்கு உட்காருவாயா?
சொல்லட்டும்.
அவளுக்குப் புருஷன் சம்பளம் இருக்கிறது.
எனக்கு அக்டோபரில் மாற்றிய கொதிகலன் இருக்கிறது,
இன்னும் பதினாலு தவணையோடு.

ஜனவரி நடுவில் கிழங்கு வரத்து நின்றுவிடும்.
அதற்கப்புறம் ஆறு வாரம்
மேடைமேல் ஏறுவது பனி ஒன்றுதான்.
திரை நூற்று நாற்பது என்று காட்டும்.
துடைப்பத்தோடு போய்ப் பெருக்கினால் பூஜ்யம்.
தேநீர் ஆறுவதற்குள் மறுபடி அறுபது.
அதற்கும் சம்பளம் உண்டு.
வேண்டாதவளை உட்கார வைத்து
வேண்டாததை நிறுக்கச் சொல்லும் சம்பளம்.

புதன் இரவு, இரண்டு லாரிகளுக்கு நடுவே,
இறங்கிப் போய் நானே மேடையில் நின்றேன்.
கண்ணாடி வழியே தெரிந்தது: அறுபது.
பூட்ஸை மாற்றி ஊன்றினேன்: எண்பது.
மறுபடி அறுபது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
நாற்பது டன்னைக் கண் இமைக்காமல் தாங்குவது
எந்தப் பக்கம் என்னைச் சேர்ப்பதென்று
முழித்துக்கொண்டிருந்தது.

இருந்தால் ஒரு வேலை கூடுதல் என்றிருந்தான்.
வசந்தத்தில் கேமரா வருகிறது,
நம்பர் பலகையை அதுவே படிக்கும்,
அதற்குள் உனக்குத் தெரிந்ததையெல்லாம்
ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிடு.

எழுதப் பார்த்தேன்.
ஆற்றங்கரைப் பண்ணையிலிருந்து வருகிற நீல லாரி,
கிழங்குக்கு அடியில் கல்.
இரட்டையர் ஓட்டும் டிராக்டர்,
வரும்போது நிரம்பிய டீசல் தொட்டி.
பேனா அத்தோடு நின்றது.

வியாழன் விடியற்காலை நாலு நாற்பதுக்கு வித்தோல்த் வந்தான்.
பக்கத்து இருக்கையில் புர்ஷ்டின்,
செம்பழுப்பு நிறத்தில் ஒரு மலை.
வரும்போது நாய் உட்கார்ந்திருக்கும்.
கொட்டும் இடத்தில் இறக்கிவிட்டு
காலி எடைக்குத் தனியாக வருவான்.
நாய் வேலியோரமாக நடந்து
வாசலுக்கு வெளியே அவனுக்காக நிற்கும்.
பதினோரு வருடமாக
நடைக்கு நாற்பது கிலோ.
ஒருமுறை மேடையிலேயே அது குதித்துவிட,
திரையில் எண் விழுந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.
பார்த்துவிட்டு
பனி அதிகம் இந்த வருடம் என்று பேசிக்கொண்டோம்.

சீட்டை வாங்கிக்கொண்டு கேட்டான்,
கடைசி வண்டி வரை நீதானே இருப்பாய்?
அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
ஆமாம் என்று வாய் முந்திக்கொண்டது.
வாய் சொன்னதைக் கை பிறகு
இரண்டாவது தாளில் எழுதியது, அவ்வளவுதான்.

லுத்மீவாவிடம் கொதிகலனுக்காக என்று சொல்லிக்கொள்வேன்.
பாதி உண்மை.
ரதோஸ்வாவிடம் நோட்டைக் கொடுப்பேன்,
கல் இருக்கும், டீசல் இருக்கும்,
நாய் இருக்காது.

இன்றைக்கும் மேடையில் குதித்துவிட்டது, கிழம்.
இருபதுதான் குறைந்தது.