நாலடியில் தண்ணீர்

குருமடத்தில் எனக்குப் பிடித்த பாடம்
மேய்ப்புப்பணி இறையியலின் அடித்தளங்கள்.
எழுபத்தெட்டு மதிப்பெண்.
மேய்ப்பன் என்ற சொல்லுக்கு
எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் வேர் எழுதினேன்.
ஆட்டுப் புழுக்கை மிதித்ததில்லை அதுவரை.

கடலூர் முதுநகர் தாண்டி
சிப்காட் புகைபோக்கிகளுக்குக் கீழே என் பங்கு.
முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம்,
ஒன்பது அன்பியம்,
ஒரு வாட்சப் குழு.
காற்று திரும்பினால்
தூபத்தையும் மீறிப் பீடம் வரை வரும்
அழுகிய முட்டை வாசம்.

இரவு இரண்டே காலுக்கு
ஜிப்மர் தீக்காய வார்டிலிருந்து ஒரு நர்ஸ்:
"சாமி, உங்க பக்கத்துக் கம்பெனியில வெந்தவரு.
கழுத்துல சிலுவை. அறுத்துத்தான் எடுத்தோம்.
பேரு மட்டும் சொல்றாரு."

பைக்கில் போனேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் பனி.
கிருமாம்பாக்கத்தில்
ஒயின்ஷாப் பலகைகள் மட்டும் விழித்திருந்தன.

நிக்கோதிம் டோப்போ.
ஜார்க்கண்டில் ஏதோ ஒரு மலையடி.
நற்செய்தியில் இரவில் தேடி வந்தவனின் பெயர்.
நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசு என்கிறது சடங்குநூல்.
உள்ளங்கை இல்லை.
இடது காதின் பின்னால்
விரல் அகலத்துக்குத் தோல் மிச்சமிருந்தது.
அங்கே பூசினேன்.
தமிழில்தான் செபித்தேன்.
ஆமென் என்பதை
நான் முடிக்கும் முன்பே சொன்னான்,
பஸ் கிளம்பிவிடும் போல.

விடியுமுன் இறந்தான்.

ஒப்பந்தக்காரர் நோட்டில் அவன் பெயர் இல்லை.
ஊருக்குக் கொண்டுபோகக் காசு இல்லை.
நிதிக்குழு இருதயநாதன்
(கெட்டவரில்லை, சுனாமியில் பிணம் தூக்கியவர்)
மெதுவாகக் கேட்டார்:
"சந்தா கட்டினவங்களுக்கே இடமில்ல சாமி.
இவரு எந்தப் பங்கு?"

தேர்வில் வந்திருந்தால்
பத்துப் பக்கம் எழுதியிருப்பேன்.

விடை கேமராவில் இருந்தது.
உண்டியல் உடைபட்ட பிறகு வாசலில் பொருத்தியது.
பதினைந்து நாள்தான் அதற்கு ஞாபகம்.
ஆடு திருடியது யார் என்று பார்க்கப் போன
கோவில்பிள்ளை ஞானாதிக்கம்
என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நாலரை மணி. நைட் ஷிப்ட் முடிந்து
பூட்ஸோடு ஒருவன்.
மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி
கேட்டின் ஈட்டிக்கம்பியில் மாட்டுகிறான்.
பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறான்.
சிலுவை வரைந்துகொண்டு
ரெண்டு நிமிடம் நிற்கிறான்.
பிறகு ஹெல்மெட். பிறகு இருட்டு.

பதினைந்து நாளில் பதினோரு முறை.
பதினோரு முறையும்
பூட்டை இழுத்துப் பார்க்கிறான்.

முப்பதடி தள்ளி
மின்விசிறிக்குக் கீழே நான்.
அந்த வாரம்
காணாமற்போன ஆடு வாசகம்.
நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

இருதயநாதன் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.
அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
அம்மாவுக்கென்று பிடித்து வைத்திருந்த இடத்தில்
செருப்பால் ஒரு கோடு கிழித்தார்.

தோண்டினார்கள்.
நாலடியில் தண்ணீர்.
பக்கத்தில் உப்பனாறு, இங்கே அப்படித்தான்.
தேநீரின் நிறம், மருந்தின் வாடை.
வாளி வாளியாய் இறைத்தோம், நானும்தான்,
அங்கி முழங்கால் வரை நனைய.
இறைக்க இறைக்க ஊறியது.
யாரோ உயர்த்திப் பிடித்த போனில்
அவன் மனைவியும் ஊர்ச்சனமும் பாடினார்கள்.
எனக்குத் தெரியாத மொழி.
சிக்னல் அறுந்த இடங்களில்
வாய்கள் திறந்தபடி நின்றன.

அடித்தளம் என்றால் பாறை
என்று எழுதித்தான் எழுபத்தெட்டு வாங்கினேன்.

இப்போது நாலு மணிக்கே கேட்டைத் திறக்கிறேன்.
உண்டியல் மறுபடி ஒருதரம் போனது.
மூன்று வாரமாய் ஒரு நாய் மட்டும் வருகிறது.

அதனால் நேற்று
கம்பெனி கேட்டுக்கே போனேன்,
அங்கி இல்லாமல், சட்டை லுங்கியில்.
ஷிப்ட் விட்டு வந்தவர்களோடு
டீ குடித்தேன்.
எந்த ஊர் என்று இந்தியில் கேட்க
கற்று வைத்திருக்கிறேன்.
பதில்தான் இன்னும் புரிவதில்லை.