காக்கப்படுபவர்

கலெக்டர் ஆபீஸ், இரண்டாம் மாடி.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
அம்மா போன பிறகு பென்ஷன் நின்றுவிட்டது,
சான்றிதழ் இல்லாமல் பேங்கில் அசையமாட்டார்கள்,
அதற்குத்தான் போனோம். வேறெதற்கும் இல்லை.

ஒருவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி
இது எவ்வளவும்மா என்றார்.
எமீமாள் தாளைப் பார்த்தாள்.
அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.
"உங்களோடது."
பணமதிப்பு அறியார் என்று எழுதிக்கொண்டார்கள்.

எனக்கு நாலு வயது மூத்தவள்.
பள்ளிக்கூடத்து மேட்டில் என் முதல் சைக்கிளை
பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள்,
விடு விடு என்று நான் கத்தியதும் விட்டவள்.
தாளில் நான் காப்பாளர்.
அவள் காக்கப்படுபவர்.
சொல்லுக்கு நடுவே ஒரு 'படு' படுத்திருக்கிறது
எழுப்ப ஆளில்லாமல்.
அப்படியே லேமினேஷன் போட்டேன், முப்பது ரூபாய்.

பிறகு எல்லாம் சுலபமாயிற்று.
ஆதார் என்னிடம். ஏடிஎம் அட்டை என்னிடம்.
காகிதப்பை ஒட்டி அவள் கொண்டுவரும் ஆயிரத்து நூறும்
என் பீரோவில், கணக்கோடு.
கணக்கு சரியாகவே இருந்தது.
யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் சித்தி ஆரம்பித்தாள்:
மாசாமாசம் யார் பார்க்கிறது,
நாளைக்கு உனக்கொருத்தி வந்தால் அவளா துவைப்பாள்,
ஒரேயடியாக எடுத்துவிடு.

அண்ணா நகரில் டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார்.
அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கர்ப்பப்பை என்பதில் பை இருக்கிறதே,
தன் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.
அப்படித்தான் நினைத்தேன், சிரிப்புக்கூட வந்தது.
காப்பாளர் கையெழுத்து போதும் சார்.
போட்டேன்.

போட்ட பிறகுதான் கேட்டேன்,
எடுத்துரலாமா எமீ?

துப்பட்டாவை இழுத்து வயிற்றின் மேல் விட்டுக்கொண்டாள்.
"என்னோடது."

தாளைத் திருப்பிக் கேட்டேன்.
கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதாம்.
வாபஸ் வாங்க வேறொரு படிவம் இருக்கிறது,
காப்பாளர் கீழே ஒப்பமிட வேண்டும் என்றாள் கவுண்டர் பெண்.
வேண்டாம் என்றவள்
என் முழங்கையை உரசிக்கொண்டு நிற்கிறாள்.
அவளுடைய வேண்டாமுக்கும்
என் கையெழுத்துதான் கேட்டார்கள்.

பெரியாரில் பஸ் ஏறினோம்,
பெண்களுக்குக் காசில்லாத வண்டி.
கண்டக்டர் என்னைத் தாண்டி அவளிடம் குனிந்து
எங்கம்மா இறங்கணும் என்றார்.
அன்றைக்கு அவளிடம் வந்த இரண்டாவது கேள்வி.

வீடு பசுமலையில்.
"மூலக்கரை" என்றாள்.

சீட்டை நாலாக மடித்துத் தன் பர்ஸில் வைத்தாள்.
ஏன் அங்கே என்று வாய்வரை வந்தது.
சில்லறையைத் தேடி எடுத்து
எனக்கும் ஒரு மூலக்கரை என்றேன்.