ஏழாம் குழி

காலை ஆறு மணிக்குச் செய்மதி
கொழும்பைக் கடந்து போகும்.
அதற்கு ஒரு கட்டம் என்றால் ஒன்பது கிலோமீற்றர்:
பேரை வாவி, கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள்,
தகரக் கூரைகள், காலிமுகத் திடலின் புல்,
கரையோரம் கொஞ்சம் கடல்
(கடலைக் கழித்தாயிற்று என்கிறது அடிக்குறிப்பு)
எல்லாவற்றுக்கும் ஒரே ஓர் இலக்கம்.
பெப்ரவரி பன்னிரண்டு: பூச்சியம் தசம் ஒன்று நான்கு.
காய்ந்திருக்கிறதாம்.

என்னுடையது ஐந்து சென்ரிமீற்றர்.
குந்தியிருந்து கம்பியின் இரண்டு முள்ளையும்
மண்ணுக்குள் இறக்கி
திரையில் எழுத்து நடுங்கி ஓயும்வரை பார்த்திருப்பேன்.
நம்ப முடியாத நாளில்
ஒரு டப்பா மண்ணை 138 பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்
நூற்றைந்து பாகையில் ஒரு பகலும் ஓர் இரவும் காயவிட்டு
மறுபடி நிறுப்பேன்.
குறைந்த எடைதான் தண்ணீர்.

மொத்தம் பதினொரு குழிகள்.
பத்து, செய்மதியோடு கூடக்குறைய ஒத்துப்போயின,
ஒரே பஸ்ஸில் தினமும் போகிற
பேசாத ஆட்கள் போல.
தெமட்டகொடை ரயில் மதிலோரத்து ஏழாவது மட்டும்
பூச்சியம் தசம் மூன்று எட்டு.
மழையில்லாத மூன்றாவது கிழமை.
முள்ளை மாற்றினேன். பற்றரி மாற்றினேன்.
டப்பா மண்ணும் அதையேதான் சொன்னது.

"தூக்கிவிடுங்கள்," என்றார் கலாநிதி ரணவீர,
"வரைபடம் அழகாய் வரும்."

ஐந்தேகாலுக்கே போய் நின்றேன்.
இருட்டில் ஒருவர் வாளியோடு வந்தார்.
ஓட்டோவின் கண்ணாடி, பிறகு சில்லுகள்,
பிறகு இருக்கையின் றெக்சீன்.
கடைசி வாளியைக் கழுவப் பாவிக்கவில்லை.
நேரே வந்து
என் கம்பியின் அடியில்
சாய்த்தார், மெதுவாக, குழி விழாமல்.

"ஏன் நானா?" என்றேன்.
"நீங்கதானா மிஸ் அது?
ஏதோ நட்டு வெச்சீக்கீங்க எண்டு நெனச்சேன்.
காயுதே எண்டு ஊத்தினேன்."

தலைக்குமேல் ஆறு மணி கடந்து போனது.
ரயிசுதீன் நானாவின் வாளி
அதற்குத் தெரிந்திருக்காது.
எனக்கும்தான், இரண்டு மாதமாக.

ஏழாவது புள்ளியைத் தூக்கவில்லை.
கோட்டிலிருந்து விலகித் தனியே நிற்கிறது.
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
கருவியில் பிழையில்லை. நாளுக்கு ஒரு வாளி.

கம்பியைப் பத்து மீற்றர் தள்ளி இறக்கியிருக்கிறேன்.
இனி ஊற்ற வேண்டாம் என்று
அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.
பழைய குழியில்
வல்லாரை வந்திருக்கிறது.