பத்து விநாடி

பெக்கம் பேருந்து நிறுத்தத் திரையில்
கார் காப்பீடு, பர்கர், பல் வெளுக்கும் பசை,
அதன் பிறகு மார்வலின் பிரெஸ்காட்.
பத்து விநாடி.
மறுபடியும் காப்பீடு.

சலூன் நாற்காலியில் தலை சாய்த்திருக்கும் ஒருத்தி.
அந்தக் கறுப்பில் கறுப்பே கிடையாது.
மை நீலம், துரு, கொஞ்சம் கத்தரிப்பூ நிறம்,
காதோரம் மட்டும் எலுமிச்சை மஞ்சள்.
"முகம் இருட்டாக இல்லையா?" என்று
கல்லூரியில் ஒருவர் கேட்டார்.
"விளக்கைப் போட்டுப் பாருங்கள்" என்றாள்.
போட்டுவிட்டார்கள் இப்போது,
அவளைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு.

நவம்பர் மழை.
மூன்று பேருந்துகளைப் போகவிட்டாள்.
நான்காவதையும் விட்டால் இரவு வேலை போய்விடும்.
நிழற்குடையில் ஐந்து பேர், ஐந்து கைபேசி.
"இது நான் வரைந்தது" என்று வாயெடுத்தாள்,
தும்மல் வந்துவிட்டது.
யாரோ தள்ளி நின்றார்கள்.

செவிலியர் சீருடைமேல் கோட்டு மாட்டிய ஒரு பெண்
இறங்கியதும் பையைத் துழாவினாள்.
அவள் கைபேசி செத்திருந்தது.
பர்கரின் சிவப்பில் சாவி கிடைக்கவில்லை.
பற்பசை வெளிச்சம் கண்ணைக் கூசியது.
பிறகு அந்த மஞ்சள்
அவள் புறங்கையில் வந்து உட்கார்ந்தது.
விரலிடுக்கில் அதே துரு, அதே மை நீலம்.
மார்வலின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்,
கலவை சரிதான்.

ஒன்பதாவது விநாடியில் சாவி கிடைத்தது.
நிமிர்ந்தே பார்க்காமல்
மழைக்குள் நடந்தாள் அவள்.

மீதி ஒரு விநாடி இருந்தது.
அதை மார்வலின் பார்த்தாள்.