ஏழாவது கையெழுத்து

நடைபாதை கேட்டு மாநகராட்சிக்குப் போன மனுவில்
ஏழாவது கையெழுத்து என்னுடையது.
பச்சை மையில், முழுப்பெயரோடு.

தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.
பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மூடி,
மறுபடி தோண்டிய சத்துவாச்சாரித் தெருவில்
முழங்கால் பெயர்ந்தவன் நான்.
சொத்துவரி ரசீது ஒன்றுகூட விடாமல்
கோப்பில் இருக்கிறது.

கல் பதித்தார்கள்,
சிவப்பும் சாம்பலுமாக, லட்சணமாகத்தான்.
முனிரத்தினத்தின் தள்ளுவண்டியை
தோசைக்கல் சூடு ஆறுவதற்குள்
லாரியில் ஏற்றினார்கள்.

ஒன்பது நாள் அந்தக் கல்மேல் நடந்தேன்.
நன்றாக இருந்தது.
எட்டு மணிக்குப் பசித்தது.
ஏசி போட்ட இடத்தில் இரண்டு இட்லி அறுபது ரூபாய்.
சட்னி,
கண்ணுக்கு மருந்து விட்டாற்போல.

பத்தாம் நாள்
ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் அந்த வாசனை.
வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பம் ஒன்று
ஸ்கேன் உறையை மடியில் விரித்து
அதன்மேல் தட்டை வைத்துத் தின்றது.
பக்கத்தில்
லாரியோடு வந்த அதே மேஸ்திரி,
மூன்றாவது தோசைக்குத் தட்டை நீட்டியபடி.

"உங்க கையெழுத்து அழகா இருக்கு சார்.
கேட்டேன், நகல் குடுத்தாங்க"
என்றான் முனிரத்தினம்.
காரச்சட்னி ஒரு கரண்டி அதிகம் விட்டான்.
அது மன்னிப்பா, தண்டனையா,
மூக்கில் நீர் வந்ததில் தெரியவில்லை.

நடக்கவும் இடம் வேண்டும்,
நின்று தின்னவும் இடம் வேண்டும்.
இரண்டு வரி, அவ்வளவுதான் மனு.
இப்போதே எழுதிவிடலாம்.
பேனா சட்டைப்பையில்தான் இருக்கிறது.
கை முழுக்கச் சட்னி.