பத்து வெள்ளி கூடுதல்

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
முதல் மாடியில் என் மேசை.
ரோட்டேக்ஸ், காப்புறுதி, பெயர் மாற்றம்.
வருடத்துக்கு ஒருமுறை படியேறி வந்து
கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு
காடியைப் பற்றிப் பேசுவார்கள்.
பெண்டாட்டியைப் பற்றிக்கூட
இவ்வளவு பேசமாட்டார்கள்.

பாதிப்பேர் டட்சன்காரர்கள்.
நூற்றிருபது வொய்,
எழுபத்தாறில் வந்து இறங்கியவை,
மூன்றாம் கை, நான்காம் கை.

தோட்டத்து டிரெஸ்ஸர் நல்லையா சொல்வார்:
"புக்கிட் பூத்துஸ் ஏத்தத்துல
பென்ஸ்காரன் பானெட்டைத் தொறந்துவெச்சு நிக்கிறான்.
நான் ரெண்டாவது கியர்ல
பாட்டுக் கேட்டுக்கிட்டே போறேன்."
ஒவ்வொரு வருடமும் அந்த பென்ஸ்
இன்னும் கொஞ்சம் பெரிதாகும்.

சிக்கு ரொஸ்மானுக்குக் குறைதான்.
தரைத்தகடு துருவேறி
காலுக்குக் கீழே சடக்கு ஓடுகிறது,
மழைநாளில் சப்பாத்து நனைகிறது.
விற்றுவிடுங்களேன் என்றேன் ஒருமுறை.
தாயைத் திட்டிவிட்டதுபோல் பார்த்தார்.

பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச்
செம்பனைக் குலை ஏற்றுகிற சடையாண்டி
ஒரே வரியில் முடிப்பார்:
"என்னைவிடக் கம்மியாத்தான் குடிக்குது."

வேலப்பன் மட்டும் வாங்கவில்லை.
அப்பாவைச் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனவன்
அடித்த தகரம் அது என்றார்.
கடைசிவரை மோரிஸ் மைனர்.
வாரத்தில் நான்கு நாள் அதைத் தள்ளவேண்டும்.
தள்ளிவிட்டவர்கள் எல்லாரும்
டட்சன்காரர்கள்.

கீழே உதிரிபாகக் கடை லிம்
சாமான் வராத மத்தியானங்களில் கதை சொல்வார்.
மூன்று பேர் பணம் போட்டார்களாம்,
டென், ஆவோயாமா, தக்கேயுச்சி.
முதலெழுத்துகளைக் கோர்த்தால் டட்.
பிறகு ஒரு சின்ன காடி செய்தார்கள்.
டட்டுக்குப் பிறந்த பிள்ளை என்று
ஆங்கிலத்து மகனை வாலில் ஒட்டினார்கள்.
அந்தச் சத்தத்துக்கு அவர்கள் மொழியில்
நட்டம் என்று பொருள் வருகிறது.
மறுவருடமே மகனை எடுத்துவிட்டுச்
சூரியனை வைத்தார்கள்.

ரசீதின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
தமிழில் இரண்டும் சன்தான்.

லிம் தன் கடன்நோட்டைத் திறந்து
ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினார்.
சீனத்திலும் நட்டத்துக்கு அதுதானாம்.
பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

எண்பதுகளில் அந்தப் பெயரையே கழற்றிவிட்டு
எல்லாம் இனி நிசான் என்றது கம்பெனி.
பகாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

டிசம்பர் கடைசியில் தைலம்மா வந்தாள்.
சந்தையில் மீன் கடை,
விடிகாலை மூன்றுக்கு ஐஸ்பெட்டியோடு
தானே ஓட்டிப்போகிற பச்சை டட்சன்.
நாற்காலியில் உட்காரும்முன்பே
அறை முழுக்கக் கெம்போங் வாடை.
லிம் சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"மவன்னா நட்டமா?"
மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.
அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.
"சரியாத்தானே வெச்சிருக்கான்,
எதுக்கு மாத்தித் தொலைச்சான்?"

பாரத்தைத் திருப்பினேன்.
காடியின் மதிப்பு எண்ணூறு வெள்ளி.
அவளைத் தவிர வேறு யார் ஓட்டுவார்கள்?
கேட்டாகவேண்டிய கேள்வி.

சிரிப்பு இன்னும் தோளில் குலுங்கிக்கொண்டிருந்தது.
"எழுது. மதியழகன்."
அடையாள அட்டை எண்ணைப்
பார்க்காமல் சொன்னாள்.

ஜொகூரில் இருக்கிறான் என்றாள் ஒரு வருடம்.
சிங்கப்பூர் என்றாள் இரண்டு வருடம்.
பிறகு ஊர் சொல்வதில்லை, நானும்
பாரத்தில் இல்லாததைக் கேட்பதில்லை.

"பத்து வெள்ளி கூடுதல் வரும்."
"தெரியும்."
செதில் ஒட்டிய நோட்டு.
மேசை விளிம்பில் தேய்த்து நீவி வைத்தாள்.

படியிறங்குகிற சத்தம்.
கதவு இரண்டுமுறை அறைந்தது,
ஒருமுறை அறைந்தால் சாத்தாது அது.
மூன்றாவது திருகலில் எஞ்சின் பிடித்தது.
ஒரே திருகல் என்றுதான்
எப்போதும் சொல்லுவாள்.