அனுப்பும் காரணம்

டண்டினோங். வியாழன். காசு அனுப்பும் கடை.
குளிரறையில் கோழி வெட்டிய கை
இன்னும் விறைப்பு; பேனா வழுக்குது.

படிவத்தில் ஒரு கட்டம்: அனுப்பும் காரணம்.
'குடும்பச் செலவு.'
போன மாதமும் அதைத்தான் எழுதினேன்.
குழாய் இழுக்கப் பிரதேச சபைக்கு எண்ணாயிரம்,
எங்கள் கோப்பை
அடியிலிருந்து மேலே எடுத்து வைத்தவருக்கு
இருபதாயிரம்.
பின்னதுக்குத் துண்டு தரவில்லை.

தண்ணி வந்துவிட்டது.
எங்கள் படலையோடு குழாய் நின்றும்விட்டது.
அடுத்த வளவுப் பூமலருக்கு
வெளிநாட்டில் ஒருத்தருமில்லை.

நேற்று நிரோஜா போனில் சிரிக்கிறாள்:
"வாளிக்குப் பத்து ரூபாய் வாங்கிறன் அண்ணா.
பேசாமல் தாறா."

கண்ணாடிக்குப் பின்னால் பெடியன் கேட்கிறான்,
"வழமையான தொகைதானே?"

பின்னால் நீள வரிசை.
ஓம் என்கிறேன்.